கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

கண்டி மாநகருக்குத் தென்மேற்கே, உடுநுவரைப் பகுதியிலே, எம்பெக்கே, லங்காதிலக, கடலாதெனிய என்னும் மூன்று பழந்தலங்கள் உள. எம்பெக்கேயிலே கதிர்காமத் தெய்வத்தின் தேவாலயம் இருக்கின்றது. அதன் மரத்தூண்களிலே மல்லரும் அன்னமும் இரட்டைத் தலைப் பருந்தும் உயிர்பெற்றாற்போல் நிற்கின்றன. கடலாதெனிய விகாரையை 1344ஆம் ஆண்டிலே எடுத்தவர் கணேஸ்வராச்சாரி என்னும் தென்னாட்டுச் சிற்பியார். லங்காதிலகக் கற்பாறையிலே சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று உலகின் பல திக்குகளிலிருந்தும் மக்கள் வந்து இவற்றைக் கண்டு வியந்து செல்கின்றனர்.

ஆயின், 120 ஆண்டுகளுக்கு முன்னே நிலைமை வேறாக இருந்தது. ஆங்கிலம் படித்து, உத்தியோகம் பார்த்து, மேனாட்டு உடை தரித்து உலாவிய நம் நாட்டவருட் பலர் இத்தூண்களை ஏறிட்டும் பார்த்தாரில்லை. இவற்றைச் செதுக்கியவரின் வழித்தோன்றல்கள் கல்லாதவர் என ஒதுக்கப்பட்டனர். அக்காலத்திலே கல்லையும் மண்ணையும் ஆராயும் உத்தியோகத்துக்கென வந்த இளைஞர் ஒருவர், கல்லைத் தேடிய இடத்திலே கலையைக் கண்டார். கலையைக் கண்டதோடு அமையாது, அதனை நாம் காணாமற் போனதன் காரணத்தையும் கண்டார். அவரே கலாயோகி எனத் தமிழுலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி. அன்னாரின் வாழ்வை நம் சங்கத்து வாலிபரும் மூத்தோரும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பது நலம் பயக்கும் என நம்புகின்றோம்.

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 22ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தவர். சட்டநிரூபண சபையிலே தமிழரின் பிரதிநிதியாக இருந்தவர். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் இங்கிலாந்திலே பாரிஸ்டராக ஏற்கப்பட்டது அவரோடுதான் தொடங்கிற்று. அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கி 1863இலும், பௌத்தரின் பாளி நூலாகிய சுத்தநிபாதத்தின் ஒரு பகுதியை ஆங்கிலத்திற் பெயர்த்து 1874இலும் வெளியிட்டவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியாரின் புதல்வர்கள். எனவே அவ்விருவரும் ஆனந்தருக்கு மைத்துனர் முறையினர். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கில மாது.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே தாயார் அவரை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். தந்தையார் பின்னர்ச் சென்று சேருவதாக இருந்தது. அவர் கப்பலேறக் குறித்த அதே நாளில், 1879ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி, காலமானார். இதனால் தமிழ்க் குலத்திலே பிறந்த அக்குழந்தை, தமிழ் ஒலி காதில் விழாத நாட்டிலே, தாயின் மொழியாகிய ஆங்கிலத்தையே பேசி வளர்ந்தது. குளொஸ்டர்சயரிலுள்ள விக்கிளிப் கல்லூரியிற் பயின்று, லண்டன் யூனிவர்சிட்டிக் கல்லூரியிலே நிலவியலும் தாவரவியலும் கற்று, 1900ஆம் ஆண்டிலே முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். தந்தை வழி மொழியை இழந்தவர் என்ற இக்குறிப்பை வாசகர் மனத்திலே இருத்திக்கொள்ள வேண்டும். மொழியை இழப்பதன் பொருளை அவர் ஏட்டில் மாத்திரம் படித்தறிந்தவரல்லர்.

1903ஆம் ஆண்டிலே இலங்கைக் கனிப்பொருள் அளவையின் அதிபராக அவர் நியமனம் பெற்றார். தோரியனைட் என்னும் அரிய கனிப்பொருள் 1904இல் உலகறிய வந்ததிலே அவருடைய ஆராய்ச்சிக்கும் பங்குண்டு. உத்தியோக நிமித்தம் மலைநாட்டின் கிராமங்கள்தோறும் பயணஞ் செய்தபோது, பாரியார் எதெல் அம்மையாரும் உடன் சென்றார். அம்மையார் நெசவையும் தையல் வேலைப்பாட்டையும் பயின்று குறிப்பெடுத்தார். அவரே பின்னாளில் இங்கிலாந்திலே கைத்தறி நெசவுக்குப் புத்துயிரளித்த எதெல் மெரே எனப் புகழ்பெற்றவர். கண்டியைச் சூழவுள்ள ஊர்களிலே சித்திரகாரர், தட்டார், கன்னார், மரவேலைக்காரர், குயவர், பாய் பின்னுவோர், நெசவாளர் ஆகியோரின் வீடு தேடிச் சென்று, அவர்தம் வேலையைப் பார்த்து, படமெடுத்து, அவர்கள் வழங்கிய சொற்களையும் பொறுமையோடு எழுதிக்கொண்டார்.

அங்கே அவர் கண்டது யாது? கண்டி இராச்சியத்திலே கம்மாளர் கூலிக்கு வேலை செய்தவரல்லர். அரசனுக்கும் கோயிலுக்கும் செய்யும் ஊழியத்துக்காக அவர்களுக்கு நிலம் இருந்தது. வயிற்றுக்கு நெல் உண்டு. ஆகவே அவசரமின்றி வேலை நடந்தது. தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வித்தை சென்றது. 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதி கண்டி உடன்படிக்கையோடு அரசு மறைந்தது. 1832இலே இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கோயில் நிலங்களின் ஊழியத்துக்குப் பதிலாகப் பணங் கட்டலாமென 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால், ஊழியத்தோடு ஒட்டியிருந்த வித்தைக்கு மாற்றான ஆதரவை எவரும் ஏற்படுத்தவில்லை. அரசன் போனான், பிரதானிகள் ஆங்கிலேயரின் நாற்காலியையும் கண்ணாடி விளக்கையும் விரும்பினர், சிற்பி தன் உளியை வைத்துவிட்டு வயலுக்குப் போனான்.

இதே காலத்திலே கல்வியிலும் இரு பாதைகள் உண்டாயின. சம்பளங் கட்டிப் படிக்கும் ஆங்கிலப் பாடசாலை ஒன்று. சம்பளமின்றிச் சிங்களத்திலோ தமிழிலோ படிக்கும் பாடசாலை மற்றொன்று. முன்னையது கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் வைத்தியத் தொழிலுக்கும் வழிகாட்டியது. பின்னையது அநேகமாகக் கிராமத்தோடு முடிந்தது. நீதிபதி ஆங்கிலத்திலே தீர்ப்பளிப்பார். வழக்காளியோ தன் தலைவிதி என்னவென்பதை முதலியார் மொழிபெயர்த்துச் சொல்லும்வரை காத்து நிற்பான். ஆங்கிலம் அறிந்தவன் துரை எனப்பட்டான். அறியாதவன் எவ்வளவு அறிவாளியாயினும் நாட்டுப்புறத்தான் எனப்பட்டான். மொழி இங்கே வெறும் பேச்சுக் கருவியாக இருக்கவில்லை, வாயிற்காவலனாக நின்றது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றே என்பதைத்தான் ஆனந்த குமாரசுவாமி கண்டுகொண்டார். எம்பெக்கேத் தூண் பாழாவதற்கும் பாடசாலையிலே தாய்மொழி தாழ்வதற்கும் காரணம் ஒன்றே. ஆளுகின்றவனின் மொழியிலே கற்ற பிள்ளை ஆளுகின்றவனின் கண்ணாலேயே தன் வீட்டைப் பார்க்கின்றான். அந்தக் கண்ணுக்குத் தன் வீடு இழிவாகத் தோன்றுகின்றது. நூறு ஆண்டு ஆட்சியிலே பீரங்கியாற் செய்ய முடியாததைப் பள்ளிப் புத்தகம் செய்து முடித்தது என்பதே அவர் கண்ட முடிவின் சாரம்.

கண்டவர் வாளாவிருந்தாரில்லை. 1905ஆம் ஆண்டிலே கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமொன்றை வரைந்தார். பழங் கட்டடங்கள் பாழ்படுவதையும், பழுதுபார்க்கும்போது பண்டை வேலைப்பாடு சிதைக்கப்படுவதையும் எடுத்துக்காட்டி, பரம்பரைக் கம்மாளரை ஆதரிக்கும்படி வேண்டினார். இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். அக்கடிதம் வெளியானது சிலோன் ஒப்சேவர் என்னும் ஆங்கிலப் பத்திரிகையிலே. ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகை. தோட்டத் துரைமாரின் நலம் பேசிய பத்திரிகை. கண்டியின் கலைக்காகக் கண்டியின் தலைவர்களுக்கு ஒருவர் கடிதம் எழுதுவதாயினும் அது ஆங்கிலத்திலே, ஆங்கிலேயரின் அச்சுக்கூடத்தின் வழியே செல்ல வேண்டியிருந்தது. ஒரு நாட்டிலே யாருடைய கையிலே அச்சு இருக்கின்றதோ அவருடைய வாயிலேதான் அந்நாட்டின் குரலும் இருக்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே 1905ஆம் ஆண்டிலே இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்று, அதன் தலைவருமானார். மேனாட்டார் உடையையும் பழக்கங்களையும் கண்மூடித்தனமாகப் பின்பற்றுவதை எதிர்ப்பதும், நம்மவரின் கலைகளையும் மொழிகளையும் பேணுவதும் அச்சங்கத்தின் நோக்கங்கள். 1906 முதல் சிலோன் நேசனல் ரிவியூ என்னும் சஞ்சிகை அதன் குரலாக வெளிவந்தது. தாய்மொழி அறியாதவனைக் கற்றவனென்று கருதலாகாது எனவும், நாட்டுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமெனவும் அவர் வாதாடினார். 1906இலே பல்கலைக்கழகத்துக்கான இயக்கத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர் அவருடைய மைத்துனர் அருணாசலம். அம்முயற்சி 1921இலே கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும், 1942இலே இலங்கைப் பல்கலைக்கழகமாகவும் கனிந்து, 1952இலே நம் பேராதனைக்கு வந்து சேர்ந்தது. பேராதனைக் கட்டடங்களின் கூரையிலும் தூணிலும் கண்டியின் சாயல் இருப்பதைக் காண்போர், அவர் ஊன்றிய வித்தை நினையாதிருத்தல் இயலாது.

அவர் தனித்து நின்றாரென்றும் சொல்லிவிட முடியாது. 1904இலே கண்டித் திரித்துவக் கல்லூரியின் அதிபராக வந்த வணக்கத்துக்குரிய பிரேசர், சிங்களமும் தமிழும் தம் கல்லூரியிலே கற்பிக்கப்பட வேண்டுமென உறுதியாக நின்றார். 1923இலே அத்திவாரமிடப்பட்ட அக்கல்லூரி ஆலயத்தின் கற்றூண்கள் நம் நாட்டின் பழங் கட்டடக் கலையைப் பின்பற்றியவை. வேற்று நாட்டிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் நம் மொழியின் பெருமையை உணர்ந்தபோது, நம் பெற்றோருட் பலர் தம் பிள்ளைக்கு அது வேண்டாமென்றிருந்தனர். குற்றம் ஆங்கிலேயருடையது மாத்திரமன்று என்று ஆனந்தர் இடித்துரைத்ததன் நியாயம் இதனால் விளங்கும்.

1907இலே இங்கிலாந்து திரும்பிய அவர், பிரோட் காம்டன் என்னும் சிற்றூரிலே தங்கி, மலைநாட்டிலே திரட்டிய செல்வத்தையெல்லாம் நூலாக்கினார். இடைக்காலச் சிங்களக் கலை என்னும் அப்பெருநூலை, வில்லியம் மொரிஸ் என்னும் அறிஞர் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்திலேயே அச்சிடுவித்து 1908இல் வெளியிட்டார். அச்சிட்ட படிகள் 425 மாத்திரமே. அச்சு வேலைக்கு ஓராண்டுக்கு மேற் சென்றது. கைவினையின் பெருமையைக் கூறும் நூல் கைவினையாகவே இருத்தல் வேண்டுமென்பது அவர் எண்ணம்.

அந்நூலிலே ஒரு பகுதி நம் இளைஞர் கட்டாயம் அறிய வேண்டியது. புத்தர் படிமத்துக்குக் கண் திறக்கும் சடங்கை அவர் விரிவாக விளக்குகின்றார். நம் கோயில்களிலே சிற்பி கண் திறப்பதை ஒத்த சடங்கு அது. அதைச் செய்யும் கம்மாளன் படிமத்தின் அளவுகளைக் கூறும் சாரிபுத்திர, ரூபாவலிய முதலிய சிற்ப நூல்களின் மரபிலே வளர்ந்தவன். சமஸ்கிருதச் சுலோகங்களை மனத்திலே சுமந்தவன். ஆயினும் அரசாங்கக் கணக்கிலே அவன் கல்லாதவன். பட்டணத்திலே நாலு பாரம் ஆங்கிலம் படித்துவிட்டுக் கடிதம் நகலெடுப்பவனோ கற்றவன். கல்வி என்பதற்கு யார் வரைவிலக்கணம் வகுக்கின்றாரோ அவரே சமூகத்தின் மேல்கீழையும் வகுக்கின்றார் என்பது இதனாற் புலனாகும்.

கலையென்பது எது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரமும் அக்காலத்திலே லண்டனிலேதான் இருந்தது. 1910ஆம் ஆண்டிலே சேர் ஜோர்ஜ் பேர்ட்வுட் என்பவர் அங்கே கற்றோர் சபையொன்றிலே, தியானத்தில் அமர்ந்த புத்தர் படிமத்தைக் கொழுப்பிட்டு அவித்த மாப்பண்டத்துக்கு ஒப்பிட்டு எள்ளினார். அவமதிப்பைப் பொறாத அறிஞர் சிலர் அவ்வாண்டே இந்தியா சங்கத்தை நிறுவினர்; ஆனந்த குமாரசுவாமியும் அவர்களுள் ஒருவர். 1912இலே சித்தாந்த தீபிகையில் அவர் எழுதிய சிவ நடனம் என்னும் கட்டுரை 1918இலே நூலாகத் திரண்டு நியூயோர்க்கிலே வெளிவந்தது. தமிழ்ச் சைவ நூல்களை மொழிபெயர்ப்பு வழியாகக் கற்று, தில்லைக் கூத்தனின் திருவுருவத்துக்கு உலகம் வியக்கும் விளக்கந் தந்தவர், தமிழ்ச் சூழலிலே வளரும் பேறு பெறாதவர். தமிழ்ச் சூழலிலே வளர்ந்த நாம் அந்நூல்களை மூலத்திலே படிக்கும் பேற்றை எவ்வளவு பயன்படுத்துகின்றோம் என எண்ணிப் பார்த்தல் தகும்.

முதலாம் உலகப் போரிலே, விடுதலையில்லாத இந்தியாவின் மக்கள் பிரித்தானியாவுக்காகப் போரிடக் கடமைப்பட்டவரல்லர் என்று அவர் நின்றார். 1917இலே அமெரிக்கா சென்று பொஸ்டன் நுண்கலை அரும்பொருட் சாலையிலே இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளரானார். 30 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். தாம் சேர்த்த கலைச் செல்வத்தை இந்தியாவுக்கே கொடுக்க அவர் முன்வந்ததுண்டு. அதை வைத்துக் காக்க ஓர் அரும்பொருட் சாலை எழவில்லை. அச்செல்வமும் பொஸ்டனுக்கே சென்றது.

1944ஆம் ஆண்டிலே எழுத்தறிவு என்னும் பூச்சாண்டி என்ற கருத்துப்படத் தலைப்பிட்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். எழுதப் படிக்கத் தெரிந்தவுடன் மனிதன் பண்பட்டுவிடுகின்றான் என்பது மயக்கம். வாய்மொழியாக இதிகாசத்தையும் பாடலையும் அறிந்திருந்த மக்கள், மலிவான அச்சைப் படிக்கத் தொடங்கியபின் உள்ளதையும் இழந்துவிடுவதுண்டு என்பது அவர் வாதம். அக்கட்டுரை எழுதப்பட்டது அமெரிக்காவிலே. ஆனால் அதன் வேர் கண்டிக் கிராமத்துக் கம்மாளனின் திண்ணையிலே இருக்கின்றதென நாம் கருதுகின்றோம்.

இங்கே நாம் பணிவோடு ஒரு மாற்றுக் கருத்தையும் கூற வேண்டியவராய் இருக்கின்றோம். பெரியோரைப் போற்றுவதென்பது அவர் கூறிய யாவற்றுக்கும் தலையசைப்பதன்று. அன்னார் கம்மாளர் கிராமங்களிலே நடந்த அதே காலத்திலே, அதே மலைகளின் மேலே, கோப்பியும் தேயிலையும் நட்ட நம் தமிழ்த் தொழிலாளர் இலயன் அறைகளிலே வாழ்ந்தனர். அவர்களுக்கும் காமன்கூத்து இருந்தது, தாலாட்டு இருந்தது, ஒப்பாரி இருந்தது, இராமாயணமும் பாரதமும் செவிவழி இருந்தன. ஆயினும் கங்காணியின் கையிலிருந்த துண்டிலே தம் கடன் எவ்வளவென்று எழுதப்பட்டிருந்ததை அவர்களாற் படிக்க இயலவில்லை. 1921இலே சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அத்துண்டுக் காகிதம் அவர்களைக் கட்டிவைத்தது. வாய்மொழிச் செல்வம் அவர்களின் மனத்தைக் காத்தது. கணக்கிலே அவர்களைக் காக்கவில்லை. எழுத்து ஆளுவோனின் கையிலே இருக்கும்போது எழுதப் படிக்கத் தெரியாமை அழகன்று, ஆபத்து. ஆகவே எழுத்து வேண்டும்; அது நம் மொழியின் எழுத்தாகவும் வேண்டும்; அதனோடு செவிச் செல்வமும் அழியாதிருக்க வேண்டும். அன்னாரின் கருத்தை மலைநாட்டுத் தமிழர் கொள்ள வேண்டிய முறை இதுவே.

மற்றுமொன்று. ஆட்சி மொழியாய் ஆங்கிலம் இருந்ததைக் குறைகூறிய அவர், அதன் இடத்தில் மற்றொரு மொழி தனியே ஏறியிருந்து ஏனையதை வெளியே நிறுத்த வேண்டுமென எண்ணியவரல்லர். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த சைவர், சிங்களக் கலைக்கு முதற்பெரும் நூலை ஆக்கினார். இந்நாட்டின் பண்பாட்டை இந்தியாவினின்றும் பிரிக்க முடியாதென்றார். 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. தமிழும் ஓர் அரசகரும மொழியென அரசியலமைப்பிலே இடம்பெற 1987வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்விடைக் காலத்திலே நாடு கொடுத்த விலையை மூத்தோர் அறிவர். லங்காதிலகப் பாறையிலே அருகருகே இருந்த இரு மொழிகளும் கச்சேரிப் படிவத்திலே அருகருகே வர அத்தனை காலஞ் சென்றது!

அப்படியாயினும் ஆங்கிலத்தின் வாயிற்காவல் நீங்கிற்றோ? பேராதனை மாணவர் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் கடுவ. சிங்களத்திலே அச்சொல்லுக்கு வாள் என்பது பொருள். தாய்மொழியிலே பட்டம் பெற்று வெளியே வருபவனை வேலை வாயிலிலே வெட்டி வீழ்த்தும் வாள் அது. காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது கைக்கு வந்துவிடுகின்றது. தோட்டத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் கழுத்துக்கு வருகின்றது. ஆனந்தர் கண்ட இரு பாதைகள் பெயர் மாறி இன்றும் உள்ளன. இதற்குப் பரிகாரம் ஆங்கிலத்தை வெறுப்பதன்று. அவரே ஆங்கிலத்திலே எழுதித்தான் உலகை வென்றார். கிரேக்கமும் இலத்தீனும் சமஸ்கிருதமும் பாளியும் கற்றவர் அவர். மொழியைக் கருவியாகக் கொள்ளுங்கள். அதனிடம் உங்கள் மானத்தை அடகு வையாதீர்கள் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம்.

1947ஆம் ஆண்டு ஓகத்து 22இலே அவருக்கு 70 வயது நிறைந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னரே இந்தியா விடுதலை பெற்றிருந்தது. அடுத்த ஆண்டிலே இந்தியா வந்து அமைதியாகத் தவவாழ்வு வாழ எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. செப்டெம்பர் 9ஆந் திகதி அமெரிக்காவிலே, மசசூசெற்ஸ் மாநிலத்து நீடம் என்னும் ஊரிலே, அவர் இறைவனடி சேர்ந்தார். தந்தையார் மைந்தனிடம் செல்லப் புறப்படவிருந்த நாளிலே மறைந்தார். மைந்தர் தாயகம் திரும்பச் சித்தமாயிருந்த வேளையிலே மறைந்தார். கொழும்பிலே கலாபவனம் அமைந்த வீதி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

வீதிக்குப் பெயரிடுவதோடு நம் கடன் தீர்ந்துவிடுமோ? அவர் கண்டியிலே செய்த வேலைக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. குறிப்புப் புத்தகமும் பொறுமையும் மரியாதையும் வேண்டும். நம் தோட்டங்களிலே காமன்கூத்தை முழுமையாக ஆடத் தெரிந்த முதியோர் அருகி வருகின்றனர். ஒப்பாரியும் கும்மியும் அறிந்த பாட்டிமார் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர். அவர்களை எவரும் பட்டதாரிகளெனச் சொல்வதில்லை. வாலிப அன்பர்களே, அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் உங்களுள் ஒவ்வொருவரும் ஒரு முதியவரின் முன் அமர்ந்து, அவர் அறிந்த ஒன்றை அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதி வாருங்கள். அண்டை வீட்டுச் சிங்கள நண்பரின் மொழியையும் எழுத்தோடு கற்றுக்கொள்ளுங்கள். எம்பெக்கேக்குப் போகும்போது தூணைப் பாருங்கள். தூணைச் செதுக்கியவனையும் நினையுங்கள். கலாயோகிக்கு நாம் எடுக்கக்கூடிய விழா இதைவிட வேறில்லை.